முப்பத்தாறு மணி நேர ஞாயிறு

எங்கள் சபையின் மாத இதழ், மார்ச் மாதத்து லெந்துகாலச் சிறப்பிதழ், பதினோராம் பக்கம், இடது பத்தியின் அடியில் இப்படி அச்சாகியிருக்கிறது:

"முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் புகையிலைக்கு அடிமையாயிருந்த நம் சபையின் மூத்த சகோதரர் ஒருவர், உபவாசக் கூட்டத்தில் ஒரே ஜெபத்தால் பூரண விடுதலை பெற்றார். அந்நாள் முதல் இந்நாள் வரை அவர் அதைத் தொட்டதுமில்லை, அதற்கு ஆசைப்பட்டதுமில்லை."

அந்த மூத்த சகோதரர் நான்தான். பெயர் போடவில்லை. போட வேண்டிய தேவையும் இல்லை, எங்கள் சபையில் யாரைக் கேட்டாலும் என் வீட்டைக் காட்டுவார்கள். இரண்டே வாக்கியம், நான்கு தவறு. முப்பதுக்கு மேல் என்பது தவறு, இருபத்தெட்டு ஆண்டுகள். ஒரே ஜெபம் என்பது தவறு. தொட்டதில்லை என்பது தவறு. ஆசைப்பட்டதில்லை என்பது நான்காவது தவறு. போன மாதம் ஒரு கல்யாண வீட்டில் தாம்பூலத் தட்டு என்னைக் கடந்து போனபோது என் வாயில் ஊறிய எச்சிலை விழுங்கிக்கொண்டவன் நான்.

அச்சுப்பிழை என்று விட்டிருப்பேன். விட முடியாமல் போனதற்குக் காரணம், இந்த இரண்டு வாக்கியங்களை நம்பி என் மனைவியின் தம்பி ஆஸ்பத்திரிக்குப் போகமாட்டேன் என்று சொல்லிவிட்டதுதான்.

அவர் குத்தாலத்தில் பம்புசெட் மெக்கானிக். வயது ஐம்பத்தேழு. இருபது வருடங்களுக்கு மேலாக வேதாரண்யம் பக்கத்துக் காரப் புகையிலையை இடது கடைவாயில் அடக்கிக்கொண்டு மோட்டாருக்குக் காயில் கம்பி சுற்றுகிறவர். இந்த வருடம் தை கடைசியில் அந்தக் கன்னத்தின் உள்பக்கம் வெள்ளையாக ஒரு படை தெரிந்தது. மிளகாய் பட்டால் எரிகிறது என்றார். சாம்பல் புதன் அன்று, ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலமான லெந்து தொடங்குகிறதே என்று புகையிலையை விட்டார். மறுநாள் வியாழக்கிழமை தஞ்சாவூரில் பல் டாக்டர் பார்த்தார். "இதைத் தொடாம மூணு வாரம் இருந்துட்டு வாங்க. அப்புறமும் படை அப்படியே இருந்தா ஒரு துணுக்கு எடுத்து டெஸ்டுக்கு அனுப்பணும்" என்று சொல்லி அனுப்பினார்.

பத்தொன்பது நாள் தாங்கினார். லெந்தின் மூன்றாம் ஞாயிறு முடிய ஒன்றும் போடவில்லை. இருபதாம் நாள் திங்கட்கிழமை, ஒரு மோட்டாரைக் கிணற்றிலிருந்து தூக்கும்போது கூட வேலை செய்தவர் நீட்டியதை வாங்கி வாயில் போட்டுவிட்டார். அன்று சாயங்காலம்தான் மாத இதழ் அவர் கைக்கு வந்தது. பதினோராம் பக்கத்தைப் படித்திருக்கிறார்.

செவ்வாய்க்கிழமை காலை எட்டேகாலுக்கு என் மனைவிக்குப் போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் நானும் கேட்டேன்.

"அக்கா, வியாழக்கிழமை நான் வரல. தஞ்சாவூருக்கு டிக்கெட் கிக்கெட் ஒண்ணும் பாக்காதீங்க."

"ஏன்டா, என்ன ஆச்சு?"

"அத்தானுக்கு ஒரே ஜெபத்துல போச்சு. எனக்குப் பத்தொம்பது நாளு முழங்கால் தேய தேய ஜெபம் பண்ணியும் கை தானா போவுது. என்னைய ஆண்டவரே வேணாம்னுட்டாரு. டாக்டரு மட்டும் என்னக்கா பண்ணப் போறாரு?"

"லூசு மாதிரி பேசாதடா."

"புஸ்தகத்துலயே போட்டிருக்குக்கா. படிச்சுப் பாரு."

போனை வைத்த பிறகு என் மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள். "படிச்சீங்களா?" என்றாள். ஞாயிற்றுக்கிழமையே படித்துவிட்டேன் என்பதைச் சொல்லவில்லை. படித்து, தலையை ஆட்டிவிட்டு, பீரோவின் மேல் வைத்துவிட்டேன் என்பதையும் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால், முதலில் படித்தபோது எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

என்னை இதை எழுதவைக்கிற கோபத்தில் பாதி என் மேல்தான் என்பதற்காக அதையும் எழுதி வைக்கிறேன்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். நான் நில அளவைத் துறையில் இருந்தேன். இருபத்துமூன்று வயதில் வேலைக்குச் சேர்ந்த நான்காம் மாதம் அளவுச் சங்கிலி பிடிக்கும் செயின்மேன்களோடு வரப்பில் நடந்துகொண்டே புகையிலை பழகினேன். எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. நிலத்தை அளந்து, கல்லைச் சரிபார்த்து முடித்ததும் பட்டாதாரர் தட்டில் வெற்றிலை, பாக்கு, புகையிலை வைத்து நீட்டுவார். எடுத்துப் போட்டுக்கொண்டால் அளவை ஒப்புக்கொண்டதாக அர்த்தம். வேண்டாம் என்றால், "சார் பக்கத்து நிலத்துக்காரர் வீட்டுல ஏற்கெனவே போட்டுட்டாரு போல" என்று பேச்சு கிளம்பும். ஒரு நாளைக்கு மூன்று நிலம் அளந்தால் மூன்று தடவை. பிறகு நிலம் அளக்காத நாட்களிலும் ஆறு தடவை. ஒரு முறை நான் வரைந்த புலப்படத்தில் சிவப்பாக ஒரு சொட்டு விழுந்து காய்ந்துவிட்டது. வருடாந்தரக் கணக்குத் தணிக்கையான ஜமாபந்தியில் அதை விரித்த அதிகாரி, "இந்த எடத்துல குளம் எப்ப வெட்டுனாங்க?" என்று கேட்டார். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். என் மனைவி மட்டும் அதைக் கேட்டுச் சிரிக்கவில்லை.

நாற்பத்தைந்து வயதுக்கு மேல் விட்டுவிட வேண்டும் என்று தோன்றியது. லெந்து நாட்களில் எதையாவது ஒன்றை விடுவது எங்கள் சபையில் வழக்கம். சிலர் கறி, சிலர் காபி, சிலர் சினிமா. நான் புகையிலை என்று தீர்மானித்தேன். சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டர் வரை எண்ணிப் பார்த்தால் நாற்பத்தாறு நாள் வரும். லெந்து நாற்பது நாள்தான். நடுவில் வரும் ஆறு ஞாயிறுகளும் கணக்கில் சேராது, அவை ஆண்டவர் உயிர்த்தெழுந்த நாள், துக்கம் கூடாது. கறியை விட்டவர்கள் ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறி எடுப்பார்கள், யாரும் தப்பாக நினைப்பதில்லை. கறிக்கு அது சரி. திங்கட்கிழமை கறி இல்லை என்று யாருக்கும் கை நடுங்காது. அதே சலுகையைப் புகையிலைக்கு எடுத்துக்கொண்டேன். ஆராதனை முடிந்து ஆசீர்வாதம் சொன்னதும் முதலில் வெளியே வருகிறவன் நானாக இருந்தேன். எதிர்க் கடைக்காரருக்கு எங்கள் பிரசங்கம் எத்தனை மணிக்கு முடியும் என்பது சபைச் சங்கத்தாரைவிட நன்றாகத் தெரியும். மடித்துத் தயாராக வைத்திருப்பார்.

அதோடு நின்றேனா? படிக்கிற பழக்கம் உள்ளவனுக்கு ஒரு கெட்ட சௌகரியம் உண்டு, தனக்கு வேண்டியதை எங்கிருந்தாவது தேடி எடுத்துவிடுவான். பழைய யூத முறைப்படி நாள் என்பது முதல்நாள் சூரியன் மறையும்போதே தொடங்கிவிடுகிறது என்று படித்தேன். அப்படியானால் சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கே ஞாயிறு பிறந்துவிடுகிறது. ஞாயிறு எப்போது முடிகிறது என்று வந்தபோது யூத முறையை விட்டுவிட்டு நம்மூர் முறைக்கு வந்தேன். நம் பஞ்சாங்கத்தில் சூரியன் உதித்தால்தானே மறுநாள்? ஆகவே திங்கட்கிழமை காலை ஆறு வரை ஞாயிறு. இந்தக் கணக்கோடு ஆறு லெந்துகளைக் கடந்தேன். ஒவ்வொரு வருடமும் ஈஸ்டர் அன்று போதகர் என் கையைக் குலுக்கி, "நாப்பது நாளும் ஜெயிச்சிட்டீங்க" என்பார். நான் மறுத்துச் சொன்னதில்லை.

ஆறாவது லெந்தில் ஒரு திங்கட்கிழமை விடியும் முன்னே கொல்லைக் குழாயடியில் வாய் நிறைய வைத்துக்கொண்டு நின்றேன். என் மனைவி பால் வாங்கக் கதவைத் திறந்தவள் பார்த்துவிட்டாள்.

"என்னங்க, இன்னும் ஞாயித்துக்கெழமையா?"

துப்பிவிட்டு விளக்கினேன். சனி மாலை, திங்கள் காலை, யூத முறை, பஞ்சாங்கம் எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள்.

"மொத்தம் எத்தனை மணி நேரம் வருது?"

"முப்பத்தாறு."

"ஆண்டவருக்கே ஒரு நாளைக்கு இருபத்துநாலு மணி நேரம்தான். உங்களுக்குப் பன்னெண்டு மணி நேரம் கூட போட்டுக் குடுத்தாரா?" என்று கேட்டுவிட்டுப் பாத்திரத்தோடு போய்விட்டாள்.

அதற்குப் பிறகு லெந்தை நம்புவதை விட்டேன். அந்த வருடம் ஈஸ்டர் கழிந்து, எந்தத் திருநாளும் இல்லாத ஒரு திங்கட்கிழமை தொடங்கினேன். யாருக்கும் சொல்லவில்லை, பொருத்தனை, நேர்ச்சை எதுவும் பண்ணவில்லை. கிராம்பும் சோம்பும் சட்டைப் பையில் இருந்தன. நாக்கு கேட்கும்போதெல்லாம் பரமண்டல ஜெபத்தை மெதுவாக மூன்று முறை சொல்வேன். மூன்றாம் முறை முடிவதற்குள் பெரும்பாலும் தணிந்துவிடும். தணியாத நாளும் உண்டு. அப்போது மறுபடியும் முதலிலிருந்து சொல்வேன். இதை எடுத்துப்போடும் ஆண்டவரே என்று அழுது கேட்ட நாட்களில் எனக்கு ஒன்றும் நடக்கவில்லை. மதியம் ஒரு மணி வரைக்கும் என்னைத் தாங்கும் என்று கேட்ட நாட்களில் ஒரு மணி வரைக்கும் தாங்கப்பட்டேன். ஒரு மணிக்கு மறுபடி கேட்டேன். இச்சையடக்கம் என்ற சொல்லை ஓய்வுநாள் பள்ளியில் மனப்பாடம் செய்து பரிசு வாங்கியவன் நான். ஐம்பத்தொரு வயதில்தான் அதற்கு அர்த்தம் கொஞ்சம் தெரிய ஆரம்பித்தது.

அப்படியும் விழுந்தேன். என் டைரிகளில் ஒவ்வொன்றும் குறித்திருக்கிறது, கிழமை, நேரம், இடம், யார் கொடுத்தது என்பதோடு. இரண்டரை வருடத்தில் பதினோரு தடவை. கடைசித் தடவை ஒரு வரப்புத் தகராறில். அளந்து முடித்ததும் தட்டு வந்தது. வேண்டாம் என்றேன். பட்டாதாரர் முகம் மாறியது. "அப்ப அளவுல ஏதோ இருக்குங்களா?" என்றார். பயந்துபோய் எடுத்து வாயில் போட்டேன். அதற்கடுத்த நிலத்திலிருந்து, வெற்றிலையை மட்டும் எடுத்து அவர் கண்ணெதிரே சட்டைப் பையில் வைத்துக்கொள்ளக் கற்றுக்கொண்டேன். அதுவும் ஒப்புதல்தான் என்று ஊர் ஏற்றுக்கொண்டது. இத்தனை வருடமும் அந்த வழி இருந்திருக்கிறது, நான்தான் தேடவில்லை.

கடைசித் தடவைக்கு ஒரு வருடம் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை உபவாசக் கூட்டத்தில் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். எழுந்து, "புகையிலையிலிருந்து ஆண்டவர் எனக்கு விடுதலை கொடுத்தார், அவருக்கே மகிமை" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். சொன்னது பொய்யில்லை. பதினோரு தடவையைச் சொல்ல வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தால் நான் சொல்லாமல் விட்டதைத்தான் இப்போது வேறொருவர் தன் கற்பனையால் நிரப்பி அச்சடித்திருக்கிறார்.

அவரைப் பார்க்கச் செவ்வாய்க்கிழமை மாலை ஐந்து இருபதுக்குப் போனேன். அவர் எங்கள் சபைச் சங்கச் செயலாளர், மாத இதழுக்கும் அவர்தான் பொறுப்பு. ஓய்வுபெற்ற ஆசிரியர், நல்ல மனிதர். நோயாளிகளைப் பார்க்க வெயிலில் சைக்கிளில் போகிறவர். வாசலில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார்.

"ஒரே ஜெபம்னு நான் எப்ப தம்பி சொன்னேன்?"

"சாட்சி சொல்றப்ப ரெண்டே வார்த்தையில முடிச்சீங்கல்ல அண்ணே. அதான் சட்டுனு நடந்திருக்கும்னு நெனச்சேன்."

"தொட்டதே இல்லைன்னு?"

"விடுதலைன்னா அப்படித்தானே?"

பதினோரு தடவை விழுந்ததைச் சொன்னேன். அவர் முகம் சுருங்கியது. ஏதோ நான் அவருக்குச் செய்த துரோகம் போல.

"இதை வர்ற ஞாயித்துக்கெழமை அறிவிப்புல சொல்லிடுங்க. அடுத்த இதழ்ல திருத்தம் போடுங்க."

"அண்ணே, பதினோரு தடவ விழுந்தாருன்னு போட்டா யாருக்கு அண்ணே விசுவாசம் வரும்?"

"நீங்க போட்டதைப் படிச்சு ஒருத்தனுக்கு இருந்த விசுவாசமும் போயிடுச்சு."

"அது அவரு பலவீனம். சாட்சியப் போயி திருத்துறது நல்லா இருக்காது. ஐயருகிட்டயும் கேக்கணும்." எங்கள் சபையில் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம். பிறகு பேச்சை மாற்ற, "டீ சாப்பிடுங்க. லெந்துக்கு நான் காபிய விட்டுட்டேன்" என்றார். சக்கரை தூக்கலாக, பெரிய டம்ளரில் இரண்டாவது டீ அவர் கையில் ஆவி பறந்துகொண்டிருந்தது.

"காபிக்குப் பதிலா ஒரு நாளைக்கு எத்தனை டீ தம்பி?" என்றேன்.

அவர் டம்ளரைத் தரையில் வைத்தார். நான் எழுந்து வந்துவிட்டேன்.

இந்த வழக்கத்தின் மேல் எனக்குள்ள கோபம் இன்னும் ஆறவில்லை. எங்கள் கூட்டங்களில் நான் கேட்ட சாட்சிகள் எல்லாம் ஒரே அச்சு. முன்னே இருட்டு, நடுவில் ஒரு ஜெபம், பின்னே வெளிச்சம். நடுவில் நடந்த வருடங்களை யாரும் சொல்வதில்லை. சொன்னால் ஆண்டவருக்குக் குறைவு என்று பயப்படுகிறார்கள். ஒருவனைப் பதினோரு தடவை தூக்கி நிறுத்தியதில் ஆண்டவருக்கு என்ன குறைவு? கேட்டுக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவன், பைக்குள் பொட்டலத்தை வைத்துக்கொண்டே, தனக்கு அது நடக்கவில்லை என்று முடிவுகட்டிவிடுகிறான். அடுத்த வாரம் அவன் வருவதில்லை. ஏன் வரவில்லை என்று விசாரிக்கப் போகிறவர்களும் அதே இதழை அவன் கையில் கொடுத்துவிட்டு வருகிறார்கள். புகையிலை விற்கிறவனுக்காவது தான் விற்பது என்ன என்று தெரியும்.

புதன்கிழமை காலை பத்தரைக்கு, அந்த வருடங்களின் மூன்று டைரிகளைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு குத்தாலத்துக்குப் பஸ் ஏறினேன். சம்பா அறுத்த தாளில் உளுந்து காய் பிடித்திருந்தது. பட்டறையில் என் மைத்துனர் ஒரு மோட்டாரைக் கழற்றிப் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். இடது கன்னம் உப்பியிருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து போய்ப் பின்பக்கம் துப்பிவிட்டு வந்தார்.

"அக்கா அனுப்புனாங்களா?"

"இல்ல மாப்ள, நானாதான் வந்தேன். இதைப் படிங்க."

"என்னத்தான் இது, சர்வே ரெக்கார்டா?"

"நான் விழுந்த ரெக்கார்டு."

கையைத் துணியில் துடைத்துக்கொண்டு வாங்கினார். தாள் மடித்து வைத்த இடங்களை ஒவ்வொன்றாகத் திருப்பினார். நான்காவதில் கொஞ்சம் சிரித்தார், அது ஒரு ஞானஸ்நான விருந்தில் விழுந்தது. எல்லாம் முடிந்த பிறகு ஆறு லெந்துகளின் கதையையும் வாயால் சொன்னேன். அதைச் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. என் மனைவியைத் தவிர அதுவரை யாருக்கும் தெரியாது.

"இருங்க இருங்க. சனிக்கெழமை ஆறு மணிக்கே ஞாயிறு ஆரம்பிச்சிருமா?"

"ஆமா."

"திங்கக்கெழமை விடிய வரைக்கும் ஓடுமா?"

"ஓடிச்சு."

"அடப்பாவி அத்தான்! சர்வேயில இருந்தப்ப எத்தன பேரு வரப்ப இந்த மாதிரி நகத்துனீங்க?"

பட்டறையே அதிரச் சிரித்தார். கூட வேலை செய்தவர் என்னவென்று கேட்க, அவருக்கும் சொல்லிச் சிரித்தார். நான் உட்கார்ந்து வாங்கிக்கொண்டேன். சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி, சொல்லுங்க. அதுக்கு நான் என்ன பண்ணணும்?" என்றார்.

"நீங்க விட்ட பத்தொம்பது நாள்ல ஞாயித்துக்கெழமை போட்டீங்களா?"

"அதெப்படிப் போடறது? விட்டா விட்டதுதானே."

"மூணு ஞாயிறும் சேத்துப் பத்தொம்பது நாள். ஆறு லெந்துலயும் ஒரு தடவகூட நான் ஏழு நாள் சேந்தாப்ல இருந்ததில்ல மாப்ள. உங்களுக்குப் பத்தொம்பது நாள் யாரு குடுத்தா? வேணாம்னு சொன்ன ஆண்டவரா?"

அவர் டைரியை மூடி, மேலே படிந்த கிரீஸ் கறையைத் தேய்த்துப் பார்த்தார். அது போகவில்லை.

"அந்தப் புஸ்தகத்துல ஏன் அப்படிப் போட்டாங்க?" என்றார் கடைசியில்.

"நான் முழுசாச் சொல்லாததால."

"அப்ப நீங்கதான் முதல் குத்தவாளி."

"ஆமா."

"நாளைக்கு எத்தனை மணி பஸ்சு?" என்று கேட்டார்.

வியாழக்கிழமை காலை ஏழு ஐந்துக்கு என் மனைவியையும் சேர்த்து மூவரும் ஏறினோம், கும்பகோணத்தில் மாறி தஞ்சாவூர் போனோம். டாக்டர் விளக்கைப் பிடித்து நெடுநேரம் பார்த்தார். கொஞ்சம் சுருங்கின மாதிரி இருக்கிறது, ஆனாலும் ஒரு துணுக்கு எடுத்துப் பார்த்துவிடலாம் என்றார். நடுவில் போட்டதை மைத்துனரே சொன்னார், நான் சொல்லவில்லை. டாக்டர் திட்டவில்லை. "திரும்ப விடுங்க. விட்ட நாள எண்ணுங்க" என்றார். துணுக்கு எடுத்தார்கள். வாயில் பஞ்சோடு வெளியே வந்தவருக்கு என் மனைவி இளநீர் வாங்கிக் கொடுத்தாள். குடிக்க முடியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அறிவிப்பில் திருத்தம் வரவில்லை. திருத்தத்தை நானே எழுதி, டைரிக் குறிப்புகளின் நகல்களோடு செயலாளரிடம் கையில் கொடுத்துவிட்டேன். வாங்கிக்கொண்டார். போடுவேன் என்றும் சொல்லவில்லை, போடமாட்டேன் என்றும் சொல்லவில்லை. போடாவிட்டால் அடுத்த உபவாசக் கூட்டத்தில் எழுந்து பதினொன்றையும் கிழமையோடு படிப்பேன் என்று சொல்லியிருக்கிறேன். ரொம்ப நேரம் எடுக்குமே அண்ணே என்றார். எடுக்கட்டும்.

டெஸ்டின் முடிவு இதை எழுதும் இன்று வரை வரவில்லை. வியாழக்கிழமை திரும்பும்போது, பஸ்ஸில், பஞ்சு வைத்த வாயோடு மைத்துனர் என் பக்கம் குனிந்து ஒன்று சொன்னார்: புதன்கிழமை நான் பட்டறையை விட்டுப் போன நேரத்திலிருந்து அவர் புகையிலை போடவில்லையாம். இது அவர் வாய்மொழியாகச் சொன்னது மட்டுமே. அவருடைய சட்டைப் பையை நான் பார்க்கவில்லை, கூட வேலை செய்கிறவரிடம் விசாரிக்கவில்லை. என் டைரியில் நேரத்தோடு எழுதி, பக்கத்தில் "சரிபார்க்கப்படவில்லை" என்று குறித்திருக்கிறேன்.